துணை போன கொட்டில்: கென்ட் முதல் கேம்பிரிட்ஜ் வரை ஆறு நாள்

முதல் நாள்: போட்டன் மன்செல்சி, கென்ட்

சரணாலய விலங்கு ஒன்றின் துணை இறந்தால் மீந்ததை எப்படிக் கவனிப்பது என்று பார்க்கப் புறப்பட்ட பயணம் இது. லண்டன் பிரிட்ஜில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் ஸ்டேபிள்ஹர்ஸ்ட். அங்கிருந்து வாடகைக் காரில் கொஞ்ச தூரம். ஆப்பிள் பறிப்புக் காலம் என்பதால் தோட்ட வாசல்களில் கூடை கூடையாகப் பழம். இந்த ஊரில்தான் 1989 முதல் பட்டர்கப்ஸ் வெள்ளாட்டுச் சரணாலயம் நடக்கிறது. கைவிடப்பட்டவை, பட்டினி போடப்பட்டவை, வளர்க்க முடியாமல் கொண்டுவந்து விடப்பட்டவை என எல்லாமே மீட்கப்பட்ட ஆடுகள்.

பகலில் எல்லா ஆடும் ஒன்றாக மேய்ச்சலுக்குப் போகின்றன. பொழுது சாய்ந்ததும் கொட்டிலுக்கு வந்து, தனியாகவோ இரண்டு மூன்றாகவோ அறைகளில் அடைகின்றன. ஓர் அறை சராசரியாக 3.5 சதுர மீட்டர், தரையில் வைக்கோல். எந்த ஆட்டை எதனோடு அடைப்பது என்பதுதான் இப்படிப்பட்ட இடங்களில் மிகவும் யோசித்துச் செய்ய வேண்டிய வேலை. தவறாக அடைத்தால் இரவு முழுக்க முட்டல். காலையில் ஒன்று மூலையில் நின்றுகொண்டிருக்கும், அதன் பங்குத் தீவனமும் மற்றதன் வயிற்றில் இருக்கும்.

துணையைக் கண்டுபிடிக்கத் தீவனத் தொட்டியைப் பார்த்துப் பயனில்லை. பசி எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிடும். படுக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். நடுப்பகலில் அசைபோடும்போது எது எதன் முதுகை ஒட்டிப் படுக்கிறது, மழைக்கு ஒதுங்கும்போது எது எதைத் தேடிப் போகிறது என்று இரண்டு வாரம், நாளுக்கு மூன்று முறை ஒரு நோட்டில் குறித்து வந்தால் போதும். பாதிக்கு மேல் ஒரே பெயர் வந்தால் அதுதான் துணை. இந்த நோட்டு கையில் இல்லாத இடத்தில், ஓர் ஆடு செத்தபின் எந்த ஆட்டைக் கவனிக்க வேண்டும் என்பதே யாருக்கும் தெரியாமல் போகும். எல்லாப் பேச்சும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதால் முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறோம்.

மீட்கப்பட்ட ஆடுகளின் மனநிலையை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று பட்டர்கப்ஸில்தான் நடந்தது. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் எலோடி பிரீஃபரும் ஆலன் மெக்எலிகாட்டும் 2013-ல் வெளியிட்டது. ஒரு பாதையில் போனால் தீவனம் உண்டு, இன்னொன்றில் இல்லை என்று ஆடுகளுக்கு முதலில் பழக்கினார்கள். பிறகு இரண்டுக்கும் நடுவே புதுப் பாதைகளைத் திறந்து, எவ்வளவு வேகமாக உள்ளே போகின்றன என்று பார்த்தார்கள். நல்லதை எதிர்பார்க்கும் ஆடு தயங்காமல் போகும். முன்பு கொடுமைக்கு ஆளாகிப் பல காலமாகச் சரணாலயத்தில் இருந்த ஆடுகள், நன்றாக வளர்ந்த ஆடுகளைவிட எந்த வகையிலும் பின்தங்கவில்லை. பெட்டை ஆடுகளில், துன்பப்பட்டு வந்தவையே கூடுதல் நம்பிக்கையோடு நடந்தன. அதற்கு முந்தைய ஆண்டு இதே குழு காட்டியது இன்னொன்று: குட்டி பால்குடி மறந்து பிரிந்து 7 முதல் 13 மாதம் ஆன பிறகும் தாய் ஆடு அதன் பழைய குரலை அடையாளம் காண்கிறது. குட்டியைப் பிரித்த இரண்டு மூன்று நாளில் கத்தல் அடங்கிவிட்டது, எனவே மறந்துவிட்டது என்று நினைப்பது தவறு. அடங்குவது கத்தல் மட்டும்தான்.

துணை போன ஆட்டிடம் முதலில் நிற்பது அசை. கைவிரல்களை மடக்கி இடது பக்கப் பசிக்குழியில் (கடைசி விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள குழி) அழுத்தி வைத்தால், நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை உள்ளிருந்து கையைத் தள்ளும். இரண்டு நிமிடம் வைத்தும் தள்ளல் இல்லையென்றால் அது வெறும் சோர்வு இல்லை, கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நேரம். சினையாக வந்த ஆடென்றால் இன்னும் அவசரம். கடைசி ஆறு வாரத்தில் ஒரு நாள் பட்டினியே, கொழுப்பு உடைவதால் உண்டாகும் கீட்டோனை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

பாவம் என்று தானியத்தை அள்ளி வைப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. சரணாலயங்களில் காயடித்த கிடாக்கள் அதிகம். தானியத்தில் பாஸ்பரஸ் மிகுதி. அதனால் சிறுநீர்க் கல் உருவாகி, காயடித்ததால் குறுகிப்போன சிறுநீர்ப் பாதையில் அடைத்துக்கொள்ளும். துக்கத்துக்கு வைத்த தீவனம் ஒரு வாரத்தில் இன்னொரு சாவைக் கொண்டுவரலாம். இலை தழை, காய்ந்த புல், வில்லோ கொப்பு போதும். நம் ஊரில் அகத்தியும் வேலிமசாலும் அந்த வேலையைச் செய்யும்.

இரண்டாம் நாள்: வாட்டர்லூவிலிருந்து சிட்மத்

மூன்று மணி நேர ரயில். லேஸ் பின்னலுக்குப் பேர்போன ஹோனிட்டனில் இறங்கிப் பேருந்து. டெவன் கிராமச் சாலைகளில் இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் மண்கரை, அதன்மேல் வேலிச்செடி. எதிரே வண்டி வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். வேலி முழுக்கக் கருப்பு முள்பழம் பழுத்துக் கிடந்தது. இந்த முள்செடியின் இலை நாளைய கதையில் மருந்தாக வரும்.

சிட்மத் கடற்கரையின் செம்மண் பாறைகளைத் தாண்டிக் கிழக்கே மேடேறினால் ஸ்லேட் ஹவுஸ் பண்ணை. டாங்கி சாங்சுவரி என்ற கழுதைச் சரணாலயத்தின் தலைமையிடம். எலிசபெத் ஸ்வெண்ட்சன் 1969-ல் ஒரு கழுதையை வாங்கியதில் தொடங்கியது. 1974-ல் வேறொரு பெண்மணி தன் உயிலில் 204 கழுதைகளை அவருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். இன்று உள்ளே போகக் கட்டணம் கிடையாது. வழி நெடுக நினைவுப் பலகை வைத்த பெஞ்சுகள்.

கழுதை நிற்கும் விதத்தைப் பார்த்தாலே துணை தெரிந்துவிடும். இரண்டு கழுதை தலைக்கு வால் எதிரெதிராக, விலா ஒட்ட நிற்கும். ஒன்றின் வால் மற்றதன் முகத்து ஈயை ஓட்டும். ஒன்றையொன்று பிடரியில் பல்லால் சொறிந்துகொடுக்கும். குதிரை கூட்டமாக வாழும் விலங்கு. கழுதையின் மூதாதைகள் ஆப்பிரிக்க வறண்ட நிலத்தில், தீவனம் குறைந்த இடத்தில், சிறு சிறு தொகையாகப் பரவி வாழ்ந்தவை. அதனால் கழுதைக்குக் கூட்டம் முக்கியமில்லை. அந்த ஒருத்தர் முக்கியம். அந்த ஒருத்தர் கழுதையாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மட்டக்குதிரையோடும் ஆட்டோடும் ஒட்டிக்கொண்ட கழுதைகள் உண்டு. மீட்கப் போகிறவர்கள் "கழுதையை மட்டும் ஏற்றிக்கொள்வோம்" என்று ஆட்டை விட்டுவிட்டு வந்தால், அங்கேயே ஒரு பிரிவை உண்டாக்கிவிட்டுத்தான் வருகிறார்கள்.

ஆகவே வீடுகளுக்கு வளர்க்கக் கொடுக்கும்போது இந்தச் சரணாலயம் இரண்டாகத்தான் கொடுக்கிறது. ஜோடிக்குக் கூரையுள்ள இடம் குறைந்தது 9 சதுர மீட்டர், நிலம் கழுதைக்கு அரை ஏக்கர். மருத்துவத்துக்குப் போனாலும் துணை கூடவே போக வேண்டும். ஒன்றுக்கு லாரி, இரண்டுக்கும் லாரி, செலவு ஒன்றுதான்.

இந்தியாவில் 2012 கால்நடைக் கணக்கில் 3.2 லட்சமாக இருந்த கழுதைகள் 2019-ல் 1.2 லட்சமாகக் குறைந்தன. ஆற்றங்கரையில் ஐந்தாறு நின்ற இடத்தில் ஒன்று நிற்கும்போது, அதற்குத் தண்ணீரும் தீவனமும் கொடுத்துவிட்டு எல்லாம் செய்துவிட்டதாக நினைக்கிறோம். அதற்கு இல்லாதது எது என்று கேட்பதில்லை.

மூன்றாம் நாள்: சோதனைக் குழாயில் பால்

இன்று எழுதப்போவது கொஞ்சம் கனமானது. ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் கழுதையின் துக்கத்தைப் பற்றிப் பேச முடியாது.

துணை செத்துவிட்டது. மீதிக் கழுதை வேலியோரம் நடக்கிறது, கத்துகிறது, பிறகு ஓர் இடத்தில் தலை தொங்க நிற்கிறது. தின்பது குறைகிறது. நாய் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தால் மெலியும். கழுதை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் செத்துப்போகக்கூடும். நோயின் பெயர் ஹைப்பர்லிபீமியா.

நடப்பது இதுதான். தீவனம் நின்றதும் உடம்பு சேமித்து வைத்த கொழுப்பை உடைத்து ரத்தத்தில் விடுகிறது. எல்லா விலங்கிலும் நடப்பதுதான். மற்றவற்றில் போதுமான அளவு வந்ததும் இன்சுலின் அதை அடக்கும். கழுதையின் உடம்பு இன்சுலினுக்குச் சரியாக அடங்குவதில்லை. பாலைவனப் பஞ்சத்துக்குப் பழகிய உடம்பு. கவலையில் சுரக்கும் கார்ட்டிசால் அந்தக் கதவை இன்னும் அகலமாகத் திறக்கிறது. கொழுப்பு வந்துகொண்டே இருக்கிறது. ஈரல் அதை வாங்கி வாங்கி வீங்குகிறது, ஒரு கட்டத்தில் செயலிழக்கிறது, சிறுநீரகமும் தொடர்கிறது. கழுத்து மேட்டிலும் பிட்டத்திலும் கொழுப்புத் திரண்ட குண்டுக் கழுதைக்குத்தான் ஆபத்து கூடுதல். "நல்ல சதை இருக்கிறது, நாலு நாள் தாங்கும்" என்ற பேச்சு தலைகீழ்.

2011-ல் டெவன் கழுதைகளை வைத்து வந்த ஆய்வில் இந்த நோய் கண்டவற்றில் ஏறக்குறைய பாதி இறந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றில் கூடவே வேறொரு நோயும் இருந்தது. இடம் மாற்றியதும், பல் கோளாறும், உடல் எடை குறைந்ததும் ஆபத்தைக் கூட்டின.

கண்டுபிடிப்பதில் உள்ள சிக்கல், கழுதை வலியைக் காட்டாது. நொண்டுவதற்குப் பதில் நின்றுவிடும். அதைவிட மோசம், தின்பது போலவே நிற்கும்: வாயில் வைக்கோலை வைத்துக்கொண்டு தாடையை அசைக்கும், விழுங்காது. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் சரி. கிட்டே போய்க் கன்னத்துக்குள் பார்த்தால் அதே உருண்டை. இதனால்தான் பார்வையை நம்பாமல் தராசை நம்ப வேண்டும். காலையில் நிறுத்து வைத்த தீவனத்தில் மாலையில் மீதி எவ்வளவு என்று எழுத வேண்டும். 180 கிலோ கழுதை ஒரு நாளைக்கு உடல் எடையில் 1.3 முதல் 1.8 விழுக்காடு வரை உலர் தீவனம் எடுக்கும். அதாவது ஏறக்குறைய இரண்டே கால் கிலோவிலிருந்து மூன்றே கால் கிலோ வரை. இங்கே அதில் பெரும்பகுதி பார்லி வைக்கோல். பாதிக்குக் கீழே போனால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். சாணி குறைவதும் அதே செய்திதான். அது உலர்ந்து, சளி படர்ந்து வந்தால் செய்தி முற்றியிருக்கிறது.

காய்ச்சல்மானியும் கைக்கடிகாரமும் போதும், மற்றதை ஓரளவு பார்த்துவிடலாம். வளர்ந்த கழுதைக்கு வெப்பம் சராசரி 37.1 டிகிரி செல்சியஸ், நாடி நிமிடத்துக்கு 44, மூச்சு 20. நாடி 52-ஐத் தாண்டி நின்றால் வலியோ நோயோ உள்ளே இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் சரியாக இருந்தும் ரத்தம் கெட்டிருக்கலாம். எனவே துணை இறந்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்ப்பது நல்லது. ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு லிட்டருக்கு 2.8 மில்லிமோல் வரை இயல்பு. நம் ஊர் ஆய்வுக்கூடக் கணக்கில் டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 250 மில்லிகிராம். 4.4-ஐ, அதாவது 390-ஐத் தாண்டினால் நோய். முற்றிய நிலையில் ஆய்வுக்கூடமே தேவையில்லை. ரத்தம் எடுத்த சோதனைக் குழாயை அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்தால் மேலே தெளிய வேண்டிய நீர் பால் கலந்தாற்போல் வெளுத்து நிற்கும்.

மருத்துவம் என்றால் எப்படியாவது சத்தை உள்ளே அனுப்புவது. நரம்பு வழியாகக் குளுக்கோஸ், மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய், ஈரலுக்கான மருந்து. இவற்றோடு, தானாகத் தின்ன வைக்கும் முயற்சி. இங்கே இஞ்சி பிஸ்கட், புதினா, வாழைப்பழம், துருவிய கேரட், வேலியில் பறித்த முள்பழ இலை என்று ஒவ்வொன்றாக நீட்டிப் பார்ப்பார்கள். கட்டிய இடத்தில் கொடுத்தால் மறுக்கும் கழுதை, கயிற்றில் மெதுவாக நடத்திப் போனால் வழியோர இலையை வாயில் பிடிக்கும். ஒரு வாய் தின்றதும் விட்டுவிட்டு நடந்து, மறுபடி நிற்க வேண்டும். இதற்கு மணிக்கணக்கில் ஆள் வேண்டும். அந்த ஆள் அதற்குப் பழகியவராக இருக்க வேண்டும்.

மருத்துவமனைக் கொட்டிலிலும் துணையைக் கூடவே வைப்பதன் பொருள் இப்போது விளங்கும். அது இரக்கத்துக்காகச் செய்யும் சலுகை என்று நினைப்பவர்கள் ஒரு முறை அந்த வெளுத்த சோதனைக் குழாயைப் பார்க்க வேண்டும்.

நான்காம் நாள்: உடலோடு ஓர் இரவு

நேற்று ஒன்று விட்டுப்போனது: தீவனத்தைத் திடீரென்று மாற்றாதீர்கள். துணை போன வாரத்தில் வைக்கோலின் பிராண்டைக்கூட மாற்ற வேண்டாம்.

இன்று சாவு நடக்கும் நேரத்தைப் பற்றி. இந்தக் கழுதைச் சரணாலயம் பொதுமக்களுக்குச் சொல்லும் அறிவுரை சுருக்கமானது: துணையை இறந்த உடலோடு விடுங்கள், அதுவாக ஆர்வம் இழந்து விலகும் வரை உடலை எடுக்காதீர்கள். சொல்ல எளிது. செய்வதில் பத்து இடத்தில் தவறும். திட்டமிட்ட கருணைச் சாவு என்றால் இப்படிச் செய்யலாம்.

இடத்தை முந்தின நாளே தேர்ந்தெடுங்கள். சமதளம், நல்ல பிடிப்புள்ள தரை, இரண்டும் தினமும் நிற்கும் இடம். உடலை எடுக்க வரும் வண்டி பக்கத்தில் வர முடிய வேண்டும். இதை மறந்தால், இரவு முழுக்கப் பொறுமையாக இருந்துவிட்டு, காலையில் துணையின் கண் முன்னால் சங்கிலி கட்டித் தரதரவென்று இழுக்க நேரும். அதுவரை செய்த எல்லாம் வீண். பிரிட்டனில் ஆடு, மாடு, பன்றி போன்றவற்றைப் பொதுவாக நிலத்தில் புதைக்கக் கூடாது, அனுமதி பெற்ற வண்டி வந்துதான் எடுக்க வேண்டும். வண்டிக்காரரிடம் மறுநாள் காலை என்று முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது. சாவு நடந்த பிறகு போன் செய்தால் அவர் வசதிக்கு ஒரு மணி நேரத்தில் வந்து நிற்பார்.

மருத்துவர் ஊசி போடும்போது துணை கூப்பிடு தூரத்தில், தனக்குப் பழகிய ஆள் கையில், கயிற்றில் நிற்கட்டும். முன்னால் கொஞ்சம் தீவனம். ஒட்டி நிற்க விட வேண்டாம்: 180 கிலோ உடல் சாயும் பக்கத்தை யாராலும் சொல்ல முடியாது. உடலில் சில நிமிடம் தசை துடிக்கலாம், ஒரு பெருமூச்சு வரலாம். இதயம் நின்றதையும் கண்மணியைத் தொட்டால் இமை அசையாததையும் மருத்துவர் உறுதி செய்தபின் கயிற்றை அவிழ்த்து விடுங்கள்.

பிறகு நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, அதுதான் கடினம். சில கழுதைகள் மூக்கருகே முகர்ந்துவிட்டு ஐந்து நிமிடத்தில் போய்த் தின்னத் தொடங்கிவிடும். அதைப் பார்த்து "பாசமில்லை" என்று சொல்லக் கூடாது. நோயின் வாடையைப் பல நாளாக முகர்ந்து வந்தது அது. சில முன்காலால் தட்டும், கழுத்தைக் கவ்வி இழுக்கும், எழுப்பப் பார்க்கும். பார்ப்பவர்கள் பதறிப்போய்ப் பிரித்துவிடுவது இந்த இடத்தில்தான். பிரிக்க வேண்டாம். சில கத்தும், சுற்றும், விலகிப்போய் இரண்டு வாய் தின்றுவிட்டுத் திரும்பி வரும். அந்தத் திரும்பி வருதலுக்கு இடைவெளி கூடிக்கொண்டே போவதுதான் நமக்கு அடையாளம். அரை மணி நேரமும் ஆகலாம், ஓர் இரவும் ஆகலாம்.

உடலை மறைத்துவிட்டால் என்ன ஆகிறது? தேடல் முடிவதில்லை. வாசல் பக்கமே நிற்கும், ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் காதை நிமிர்த்தும், வேலியோரம் தடம் விழும் வரை நடக்கும். கழுதைக்குச் சாவு என்றால் என்னவென்று தெரியுமா என்று நெடுநாளாக வாதம் நடக்கிறது. கொட்டிலில் நிற்பவர்களுக்கு அந்த வாதத்தைத் தீர்க்க வேண்டிய தேவை இல்லை. பார்த்த கழுதை தேடுவதை நிறுத்துகிறது, பார்க்காதது தேடுகிறது, தேடுவது தின்பதில்லை. இது போதும்.

நியூயார்க் மாநிலத்தில் வாட்கின்ஸ் கிளென் ஊரில் ஃபார்ம் சாங்சுவரி என்ற சரணாலயம் இருக்கிறது. அங்கே நடந்தது: வாத்து ஈரலுக்காகக் குழாய் வைத்துத் தீவனம் திணிக்கப்பட்ட இரண்டு வாத்துகள், ஹார்ப்பர், கோல், 2006-ல் மீட்கப்பட்டன. நான்கு ஆண்டு பிரியாமல் இருந்தன. கோலின் கால்கள் முடியாமல் போய்க் கருணைச் சாவு கொடுத்தபோது ஹார்ப்பரைப் பார்க்க விட்டார்கள். அது உடலைத் தள்ளிப் பார்த்தது, பிறகு கோலின் கழுத்தின் மேல் தன் கழுத்தை வைத்துப் படுத்துக் கிடந்தது. அதற்குப்பின் அது வேறு எந்த வாத்தோடும் ஒட்டவில்லை. இரண்டு மாதத்தில் அதுவும் போனது. உடலைப் பார்க்க விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் எழுதக்கூடாது என்பதற்காகவும் இதைச் சொல்கிறோம்.

பார்க்க விடக்கூடாத சாவுகளும் உண்டு. அடைப்பான் நோய் என்று சந்தேகம் வந்தால், அதாவது திடீர்ச் சாவு, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் என்றால், எந்த விலங்கும் எந்த மனிதரும் நெருங்கக் கூடாது, உடலை அறுக்கவும் கூடாது. தொற்றுக் கருச்சிதைவு, சுவாசத் தொற்று ஆகியவற்றிலும் மருத்துவர் சொல்வதே முடிவு. ஊசி மருந்து போட்டு இறந்த உடல் நஞ்சு. துணை விலகியதும் தார்ப்பாய் போட்டு மூடி, நாயும் காக்கையும் அண்டாமல் காக்க வேண்டும். முதுமலைப் பக்கம் வளர்ப்பவர்கள் பாறுக் கழுகையும் சேர்த்து நினைக்க வேண்டும். டெவன் குளிரில் இரவு முழுக்க வைக்க முடிவதை நம் சித்திரை வெயிலில் செய்ய முடியாது. சில மணி நேரத்தில் வயிறு உப்பிவிடும். கருணைச் சாவைப் பொழுது சாயும் வேளைக்கு வைத்துக்கொண்டால் ஒரு முழு இரவு கிடைக்கும்.

ஐந்தாம் நாள்: மழை, புதுத் துணை

நாள் முழுக்க மழை. கழுதையின் ரோமத்தில் குதிரையைப் போல எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. நீர் உள்ளே இறங்கும், அதனால் எல்லாம் கூரைக்கடியில். ஜோடி ஜோடியாகத் தள்ளித் தள்ளி நிற்பதை மழை நாளில் தெளிவாகப் பார்க்கலாம்.

புதுத் துணை எப்போது? தீவன அளவு பழைய நிலைக்கு வரட்டும். அதற்கு முன்னால் புதியதைக் கொண்டுவந்தால் துக்கத்தோடு சண்டையும் சேரும். ஆனால் அதுவரை தனியாகவும் விடக் கூடாது; பழகிய முகங்கள் தெரியும் வேலிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். "ஓய்வெடுக்கட்டும்" என்று இருட்டுக் கொட்டிலில் ஒற்றையாக அடைப்பதைப் போல் கெடுதல் வேறில்லை. அதே வாரத்தில் வேறு வயலுக்கு மாற்றுவதும் வேண்டாம்.

புதியது தனிமைக் காலம் முடித்து வந்ததும் ஒன்றிரண்டு வாரம் வேலிக்கு அந்தப் பக்கம். வேலி மேல் மூக்கு வைத்துப் பழகி, அருகருகே நின்று தின்னத் தொடங்கிய பிறகு ஒரே வயல். மாட்டிக்கொள்ளும் மூலை இல்லாத இடம். இரண்டு கழுதைக்கு மூன்று தீவனக் குவியல், ஒன்றுக்கொன்று பத்தடிக்கு மேல் தள்ளி. துரத்தலும் பிடரிக் கடியும் முதல் நாளில் இருக்கும். ஒன்று நின்றால் மற்றதும் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காமல் துரத்தினால் அந்த ஜோடி சரிவராது, விடாப்பிடியாக நிற்காதீர்கள். வயதில் நெருக்கம் முக்கியம்: முப்பது வயதுக் கிழத்தோடு மூன்று வயதுக் குட்டியைச் சேர்த்தால் ஒன்றுக்கு ஓய்வில்லை, மற்றதற்கு விளையாட்டில்லை.

ஜோடியாகச் சேர்ப்பதில் ஒரு விலை இருக்கிறது. கழுதை முப்பது வயதைத் தாண்டி வாழக்கூடியது. இன்று சேர்க்கும் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று என்றைக்காவது மீந்து நிற்கும். நெருங்கிய மூன்றாக வளரவிட்டால் அந்த நாளில் இரண்டு மீதி இருக்கும் என்று சிலர் அப்படியே செய்கிறார்கள். மூன்றில் ஒன்று ஒட்டாமல் விலகியே நிற்பதும் உண்டு. முதல் நாள் சொன்ன நோட்டு அதற்கும் வேண்டும்.

ஆறாம் நாள்: பாப்ரஹாம், கேம்பிரிட்ஜ் பக்கம்

லண்டன் வழியாகக் கேம்பிரிட்ஜ், அங்கிருந்து தென்கிழக்கே பாப்ரஹாம். இங்குள்ள உயிரியல் ஆய்வு நிறுவனம் சுற்றிப் பார்க்கும் இடம் கிடையாது. கிரான்டா ஆற்றங்கரையில், ஊர்த் தேவாலயத்தை ஒட்டிய நடைபாதையோடு திரும்பிவிட்டோம். வந்தது செம்மறிக்காக.

ஆய்வாளர் கீத் கென்ட்ரிக்கும் குழுவினரும் 2001-ல் இங்கிருந்துதான் அந்த ஆய்வை வெளியிட்டார்கள். செம்மறி ஆடு மற்ற 50 ஆடுகளின் முகத்தை இரண்டு ஆண்டுக்கு மேல் நினைவில் வைத்திருக்கிறது. 25 ஜோடி முகப்படங்கள்; சரியான முகத்தை நோக்கிப் போனால் தீவனம். மந்தையில் ஒன்று குறைந்தால் மற்றவற்றுக்குத் தெரியாது என்று சொல்ல இனி வழியில்லை.

முகம் நினைவிருக்கிறது என்றால் வாடை? நம் ஊரில் கன்று செத்தால் தோலை உரித்து வைக்கோல் திணித்துப் பசுவின் முன் நிறுத்தும் வழக்கம் இருந்தது. பசு அதை நக்கிப் பால் சுரக்கும். இங்கே மேய்ப்பர்கள் செத்த குட்டியின் தோலைத் தாயில்லாக் குட்டிக்குச் சட்டை போல மாட்டி, குட்டியிழந்த ஆட்டிடம் விடுவார்கள். ஓரிரு நாளில் தோலைக் கழற்றிவிடலாம், அதற்குள் தாய் ஏற்றுக்கொண்டிருக்கும். முதலாவது தாயிடமிருந்து பாலை வாங்க மட்டும் உதவுகிறது, இரண்டாவது ஒரு குட்டிக்குத் தாயையும் கொடுக்கிறது. சரணாலயத்தில் செய்யத் தகுந்தது இரண்டாவது.

எங்களுக்கு அதிகம் பயன்படுவது இதே இடத்தின் 2004 ஆய்வு. தனியாகப் பிரித்து அடைத்த செம்மறிக்குச் செம்மறி முகத்தின் படத்தைக் காட்டியபோது கத்தல் குறைந்தது, இதயத் துடிப்பு குறைந்தது, ரத்தத்தில் கார்ட்டிசாலும் குறைந்தது. வெள்ளாட்டு முகமோ முக்கோணப் படமோ அந்த வேலையைச் செய்யவில்லை.

நோய்க்காகச் செம்மறியைத் தனியே அடைக்க வேண்டி வந்தால் முதலில் கம்பித் தடுப்பு போடுங்கள், மரப்பலகை வேண்டாம். அந்தப் பக்கம் அதன் துணை. தொற்றுப் பயத்தால் அதுவும் முடியாதென்றால், அதே மந்தையின் ஆட்டு முகத்தை நேராக எடுத்து, உண்மை அளவுக்கு அச்சடித்து, பிளாஸ்டிக் உறையிட்டு, ஆடு நிற்கும்போது அதன் கண் மட்டத்தில் மாட்டுங்கள். தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டடி. வெயில் பட்டுப் பளபளக்காத சுவராகப் பார்த்து மாட்ட வேண்டும். பளபளத்தால் முகம் தெரியாது.